காணாமல் போனவளாகக் கிடந்த ஐந்து மணித்தியாலம்

"அம்மாயி! அம்மாயி!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஏழு பேர் என்னைக் கடந்து போனார்கள். கடைசியாகப் போன தம்பியின் சப்பாத்து என் தலைமாட்டிலிருந்து பத்தடிக்குள் இருந்திருக்கும். பன்னச் செடிகளின், அதாவது காட்டுப் பெரணிகளின், இடுக்கு வழியாக அவனுடைய காலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் கண்கள் தூரத்தில், மரங்களுக்கு நடுவே இறங்கும் பனிமூட்டத்துக்குள் ஒரு ஆள் நிற்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தன. நான் தரையோடு தரையாகக் கிடந்தேன். சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் ஓடைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

காணாமல் போனவரைத் தேடும் பயிற்சிதான் என்று எனக்குத் தெரியும். எழுந்து கையசைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஏழு பேரும் போன பிறகு நெஞ்சு அடைத்தது. உண்மையாகவே வழிதவறிய ஒரு வயோதிப மனுஷி இப்படிக் கிடந்திருந்தால் என்ற எண்ணம் வந்தது. இதை எழுத உட்கார்ந்ததும் அந்த எண்ணத்தினால்தான்.

நான் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் தேடுதல் மீட்புக் குழுவில் 23 பேர் இருக்கிறோம். தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு, கீழ்ப் பிரிவான பணியகணக்கு இரண்டிலிருந்தும் ஆட்கள் உண்டு. கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பதினொரு பேர் பெண்கள், அதில் பெரும்பாலோர் கொழுந்து எடுக்கிறவர்கள். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மாத்தையா (சிங்களத்தில் ஐயா) அந்தக் கிராமத்திலிருந்து வந்து சொல்லித்தருகிறார். முதலுதவிக்கு எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி அம்மா. குழுவை நடத்துவது பாடசாலை மாஸ்டர்.

இந்தக் குழு ஏன் வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவும் எங்கள் லயத்து ஆட்களும் மண்வெட்டியோடு பெரகலைச் சந்தி வழியாக லொறியில் போனார்கள். அப்பா திரும்பி வந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. "தோண்ட ஆள் இருந்துச்சு. எங்க தோண்டனும்னு சொல்லத்தான் ஆள் இல்ல." முதல் நாள் எத்தனை பேர் காணவில்லை என்பதே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், நாட்கள் போகப் போக அந்தக் கணக்கு குறைந்தது. யார் வீட்டில் இருந்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள், யார் கொழும்பில் இருந்தார்கள் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதனால் எங்கள் குழு தொடங்கியதும் செய்த முதல் வேலை கயிறு வாங்குவதல்ல, ஒரு சி.ஆர். கொப்பி வாங்கியதுதான். லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது கேட்காது, யார் மறதிக்காரர், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதினோம். ஒரு பிரதி மாஸ்டரிடம், ஒன்று மருத்துவிச்சி அம்மாவிடம், மூன்றாவது கிராம உத்தியோகத்தரிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம். உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு குழு தொடங்க நினைத்தால், வேறு எதையும் வாங்கும் முன்பு இதைச் செய்யுங்கள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

செப்டெம்பர் கடைசி. ஐப்பசி மழை தொடங்கும் முன்பு ஒரு முழுநாள் பயிற்சி வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. தங்கமலைச் சரணாலயம் எங்களுக்கு அதிகத் தூரமில்லை. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட காடு, அங்கே 20 பேர் செடிகொடியை மிதித்துத் திரிவது சரியல்ல. ஆகவே மேல்கணக்கு ஏழாம் நம்பர் மலைக்கு மேலே உள்ள பைனஸ் மரக் காடும், அதற்கு அப்பால் ஓடையோடு இறங்கும் பள்ளமும் பயிற்சி இடம். தோட்டத்துத் துரையிடமும் பொலிஸிலும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சொல்லாமல் செய்தால், சத்தம் கேட்டு உண்மையென்று நினைத்து ஊரே ஓடிவந்துவிடும்.

காணாமல் போகிறவள் நான். மாத்தையா ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்: 72 வயது, மறதி உண்டு, முழங்கால் வலி. காலையில் விறகுக்குப் போனவள். கடைசியாகப் பார்த்தது தண்ணீர் பிடிக்கும் பீலியடியில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள். எப்போதாவது தனக்குள்ளே ஒரு தாலாட்டை முணுமுணுப்பாள்.

பதில் சொல்லக்கூடாது என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. காணாமல் போனவர் ஏன் பதில் சொல்ல மாட்டார்? அதை மாத்தையா பொறுமையாக விளக்கினார். மறதி நோய் உள்ளவர்கள் அநேகமாகக் கூப்பிட்டாலும் பேச மாட்டார்கள், தாங்களும் உதவி கேட்டுக் கத்த மாட்டார்கள். போகிற திசையிலேயே போய், செடிக்குள்ளோ தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள்ளோ சிக்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார்கள். கடைசியாகக் கண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கிடப்பதும் உண்டு. சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான். தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கத்தும்போது, அடிக்கப்போகிறார்கள் என்று பயந்து ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பள்ளியில் பத்து வருடம் வேலை செய்தவள் நான். இதைக் கேட்டபோது எத்தனை முகங்கள் ஞாபகம் வந்தன!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணாமல் போவதாக நடிப்பவர் நிஜமாகவே காணாமல் போய்விடக்கூடாது. நான் படுக்கும் இடத்தை எழுதிய கடித உறை, ஒட்டியபடி மாஸ்டரின் சட்டைப்பையில் இருந்தது. மேலே 40 மீற்றர் தள்ளி, மரத்துக்குப் பின்னால் ஒரு தங்கச்சி எனக்குக் காவலாக இருந்தாள். கழுத்தில் விசில். பழைய சேலைக்குள்ளே காற்சட்டையும் ஜெர்சியும் போட்டிருந்தேன். பயிற்சியின் நடுவே யாருக்காவது உண்மையிலேயே ஆபத்து என்றால் "நிஜம், நிஜம்" என்று இரண்டு முறை கத்த வேண்டும் என்றும் பேசிவைத்திருந்தோம். "காப்பாத்துங்க" என்று கத்தினால் நடிப்பு என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? அந்த ஒரு சொல் அன்றைக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காலை 8.40க்குப் படுத்தேன். வரும் வழியில் சில தடயங்களை விட்டு வந்திருந்தேன். காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு இறப்பர் செருப்பு, ஒரு கல்லின் மேல் வெற்றிலை எச்சில், பள்ளத்துக்கு மேலே பாதி வெட்டிய விறகும் கட்டாத கயிறும்.

முதல் ஒரு மணித்தியாலம் பரவாயில்லை. அப்புறம் தெற்குச் சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்தது. அப்புத்தளையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடத்தில் எதிரே இருக்கும் மரம் மறைந்துவிடும். தூறலும் சேர்ந்தது. குளிர் மேலிருந்து வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அது தரையிலிருந்து வந்தது. மண்ணில் பட்ட இடுப்பும் தோளும் முதலில் மரத்தன. கையால் எட்டிய பைனஸ் சருகையெல்லாம் வாரி எனக்கு அடியில் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பொறுக்க முடிந்தது. அட்டைகள் வேறு. காலுக்குச் சவர்க்காரமும் உப்பும் தடவியிருந்தேன், ஆனால் படுத்திருப்பவளுக்குக் கால் மட்டுமா தரையில் இருக்கிறது? கழுத்தில் ஏறிய ஒன்றை விரலால் தட்டிவிடும்போது விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பதினோரு மணி இருக்கும். உறைபனி வேண்டியதில்லை. நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் எங்கள் ஊர்ப் பகல் குளிரே ஒரு வயோதிபரை முடித்துவிடப் போதும். நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், இப்படித்தான் அது ஏறும். ஆள் இன்னமும் குளிர்ந்திருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது, நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம் என மருத்துவிச்சி அம்மா வகுப்பில் சொல்லியிருந்தார்.

இதற்குள் கீழே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

9.30க்குத் தகவல் போனது. பத்து நிமிடத்தில் பீலியடியில் 19 பேர். வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே நின்று பேசினார்கள். யாரும் தரையைப் பார்க்கவில்லை. ஈர மண்ணில் என் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது. கால் மணித்தியாலத்தில் அதன் மேல் 38 கால்கள். கடைசியாகக் கண்ட இடம்தான் தேடுதலுக்கு வேர். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, இருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் படித்திருந்தோம், பதற்றத்தில் மறந்துபோனது. பயிற்சியிலேயே இப்படி என்றால், உண்மையான அழுகையும் கூச்சலும் இருக்கும்போது எப்படி இருக்கும்?

அடுத்தது செருப்பு. காட்டுப்பாதையில் ஒரு தம்பி அதைக் கண்டெடுத்தான். கெட்டிக்காரன், கண் கூர்மையானவன். சந்தோஷத்தில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் ஓடிவிட்டான். "எந்த இடத்துல எடுத்த?" "அங்கதான் சார், மேல." பைனஸ் காட்டுக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். திரும்பிப் போய்க் காட்டச் சொன்னால் அவனால் முடியவில்லை. செருப்பின் முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதும் போனது. அந்த ஒரு செருப்பு கிட்டத்தட்ட 50 நிமிடத்தைத் தின்றது. கிடைத்த பொருளைத் தொடாதே, அங்கேயே நின்று விசில் அடி, பக்கத்தில் துணி நாடா கட்டு, போனில் படம் எடு, அப்புறம் ஆள் அனுப்பு. இதை இப்போது எங்கள் குழுவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகுதான் வரிசையாக நின்று தேட வந்தார்கள். அதுதான் என்னைக் கடந்து போன ஏழு பேர். ஏன் தவறவிட்டார்கள்? அவர்கள் நடந்த வேகம் அதிகம், அத்தோடு விடாமல் கத்திக்கொண்டே வந்தார்கள். ஒருவர் சத்தம் ஓயும் முன்பு அடுத்தவர் சத்தம். அவர்கள் கடந்துபோகும்போது நான் இரண்டு முறை தாலாட்டை முணுமுணுத்தேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்குக் கிடந்தபடியே புரிந்தது. எல்லோரும் முன்னால் மட்டுமே பார்த்தார்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது பன்னச் செடி என்னை மூடியிருந்தது. அவர்கள் என்னைக் கடந்து நான்கு எட்டு வைத்துத் திரும்பியிருந்தால், கீழிருந்து மேலே பார்க்கும்போது என் சேலையின் நீலம் தெரிந்திருக்கும். காட்டில் ஒரே இடத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு முகம் இருக்கிறது.

12 மணிக்கு மாத்தையா எல்லோரையும் நிறுத்தி உட்கார வைத்தார். சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தார். அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் தேடுதலைத் திருப்பியது. விறகுக்குப் போகும் ஒரு அக்காவை முன்னால் கூப்பிட்டார். அக்கா குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டத்தில் வாய் திறந்தவர் அல்ல. "நீங்க இந்தப் பாட்டியா இருந்தா எங்க போவீங்க?" என்று தன் தமிழில் கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"முழங்கால் வலிக்காரி மேட்டுக்கு ஏறமாட்டா சார். பைனஸ்ல வெறகு இருக்கு, ஆனா அங்க காவக்காரன் நிப்பான். பள்ளத்து வாய்க்குத்தான் போவா. அங்க சவுக்கு முறிஞ்சு கெடக்கு, குனியாம எடுக்கலாம்."

அப்படியே நடந்தார்கள், இந்த முறை அக்கா முன்னால். பள்ளத்து வாயில் பாதி வெட்டிய விறகு கிடைத்தது. தொடாமல் நின்றார். கயிறு கட்டாமல் கிடப்பதைக் காட்டி, "வெட்டுன வெறகக் கட்டாம வுட்டுட்டு ஒரு பொம்பள வீட்டுக்குப் போகமாட்டா. இங்கதான் எங்கயோ இருக்கா," என்றார். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு மேலிருந்து கேட்டது. அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை.

அதன் பிறகு மாஸ்டர் விசிலை நீளமாக ஒருமுறை ஊதினார். ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை, பேசவில்லை, செடியைக்கூடத் தொடவில்லை. ஓடைக்குப் பக்கத்தில் நின்ற இருவரை, தண்ணீர்ச் சத்தம் காதை மறைக்கும் என்று மேலே வரச் சொன்னார்கள். தூரத்தில் இதல்கஸ்ஹின்னைப் பக்கம் ரயில் ஊதிய சத்தம் வந்து ஓய்ந்தது. நான் தாலாட்டை முணுமுணுத்தேன். தொண்டை வரண்டு, எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. முதல் நிமிடத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் நகர்ந்து இரண்டாவது முறை நின்றபோது, கிராமத்துத் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான். அவனுக்குத் தமிழ் அதிகம் தெரியாது. ஆனால் தாலாட்டு என்று அவனுக்குப் புரிந்தது.

அவர்கள் என்னை நோக்கி இறங்கினார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது: "நிஜம்! நிஜம்!"

செருப்பை எடுத்து ஓடிய அதே தம்பி, பன்னம் மூடியிருந்த பழைய கானுக்குள் காலை விட்டுவிட்டான். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் தேயிலை. கைவிட்ட மலையில் செடி போய்க் காடு வந்துவிட்டது, வெட்டிய கான் மட்டும் அப்படியே இருக்கிறது. கணுக்கால் வீங்கி, காலை ஊன்ற முடியவில்லை. நான் உடனே எழுந்து உட்கார்ந்தேன். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. காவலுக்கு இருந்த தங்கச்சி என் ஈரச் சேலையைக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் சுற்றி, பிளாஸ்கிலிருந்து சீனி போட்ட சாயத்தண்ணியைச் சிறுகச் சிறுகக் கொடுத்தாள். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மட்டும்தான் அப்படிக் கொடுக்க வேண்டும். குளிரில் விறைத்தவருக்குக் கைகால் தேய்த்துவிடுவதும், "சூட்டுக்கு" என்று சாராயம் கொடுப்பதும் நம் லயங்களில் இன்னும் இருக்கிற பழக்கம். இரண்டும் கெடுதல். தயவு செய்து செய்யாதீர்கள்.

தம்பியை வெளியே கொண்டுவருவதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த உண்மையான பாடம். இரண்டு யூகலிப்டஸ் கம்பு வெட்டி, மூன்று உரச்சாக்கின் அடிமூலைகளை அறுத்து, கம்புகளை அதற்குள் நுழைத்து ஸ்ட்ரெச்சர் செய்தோம். படங்குத் துணியைப் போட்டுப் பார்த்தபோது வழுக்கியது, சாக்குதான் நின்றது. முதலில் நல்ல உடம்புள்ள ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தோம். அதில் ஒரு சாக்கு கிழிந்தது. கிழிந்தது அப்போது என்பது எவ்வளவு நல்லது! மாற்றி, இரட்டைச் சாக்காகப் போட்டோம். இறக்கத்தில் கால் முன்னால், ஏற்றத்தில் தலை முன்னால். ஒரு நேரத்தில் ஆறு பேர், நூறு அடிக்கு ஒருமுறை ஆள் மாற்றம். முன்னால் ஒருவர் வழி சொல்ல, பின்னால் ஒருவர் தம்பியின் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டு வர வேண்டும். கார்ப் பாதைக்கு 700 மீற்றர்தான். ஒரு மணித்தியாலமும் 20 நிமிடமும் ஆனது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. எலும்பு முறியவில்லை, தசைநார்ப் பிடிப்பு என்று மாலையில் தகவல் வந்தது.

அடுத்த நாள் இரவு பாடசாலையில் உட்கார்ந்து நான்கு மணித்தியாலம் பேசினோம். யாரையும் குற்றம் சொல்வதில்லை என்ற ஒப்பந்தத்தோடுதான் தொடங்கினோம். அந்தத் தம்பியும் காலில் கட்டோடு வந்திருந்தான். அங்கே முடிவானவற்றில் மற்றத் தோட்டத்துக் குழுக்களுக்குப் பயன்படும் என்று நான் நினைப்பதை எழுதுகிறேன்.

வரைபடத்தைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். நில அளவைத் திணைக்களத்தின் 50,000க்கு 1 வரைபடத்தை மாத்தையா வைத்திருந்தார். அதில் உள்ள பெயர்கள் எங்கள் வாயில் வராதவை. நாங்கள் "ஏழாம் நம்பர் மலை", "கோயில் மலை", "மொட்டப்பாறை" என்கிறோம். அன்றைக்கு போனில் "கோயில் மலைக்குப் பக்கத்தில்" என்று சொன்னதைக் கேட்ட கிராமத்துத் தம்பிமார் வேறு கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஆகவே கொழுந்து எடுக்கும் அக்காமாரை உட்காரவைத்து, வரைபடத்தின் மேல் தோட்டத்து நம்பர் மலைகளையும் பெரிய கான்களையும் பாதைகளையும் வரைந்தோம். யோசித்துப் பார்த்தால் தோட்டம் ஏற்கனவே கட்டம் கட்டமாகப் பிரித்து நம்பர் போட்டு வைத்த இடம். தேடுதலுக்கு அதைவிட நல்ல பிரிப்பு வேண்டுமா? "ஏழாம் நம்பர், மூன்றாம் கானுக்கு மேல் பக்கம்" என்றால் எங்கள் ஆள் கண்ணை மூடிக்கொண்டு போவார். வெளியிலிருந்து வரும் பொலிஸுக்கோ இராணுவத்துக்கோ அந்த வரைபடத்தின் சிங்களப் பிரதியும் தயார்.

கூப்பிடுவதும் இரண்டு மொழியில்தான் இனி. காணாமல் போனவரின் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட வேண்டும். பதிவுப் பெயரைச் சொல்லி யாரும் ஒரு பாட்டியைக் கூப்பிடுவதில்லை. பிள்ளை என்றால் தாயின் குரலைப் போனில் பதிந்து கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

குளவிக்கும் சுருக்குக் கம்பிக்கும் தனியாக நேரம் ஒதுக்கினோம். தேயிலை மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத வாரம் உண்டா? வரிசையில் போகும்போது கூட்டைக் கண்டவர் கத்தாமல் கையைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும், எல்லோரும் வந்த வழியே பின்வாங்க வேண்டும். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகிப் போக வேண்டும், கையை வீசக்கூடாது. கொட்டு வாங்கியவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. சுருக்குக் கம்பி, காட்டுப்பன்றிக்கு என்று வைப்பது. அதில் சிறுத்தை சிக்கிச் சாவதும் நடக்கிறது. பன்னத்துக்குள் கம்பி தெரியாது, ஆகவே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பு, காலுக்கு முன்னால் அது போக வேண்டும். கம்பு இருந்திருந்தால் தம்பியின் காலும் தப்பியிருக்கும்.

எப்போது தேடப் போகக்கூடாது என்பதை எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். மனது கேட்காத விதி இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து மூன்று படியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதற்படி, 100ஐத் தாண்டினால் இரண்டாவது, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டிய சிவப்பு. பாடசாலை முற்றத்தில் உள்ள மழைமானியைப் பார்த்து, 100ஐத் தாண்டிய நாளில் சரிவில் குழு இறங்காது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, லயத்து ஆட்களை வெளியே எடுப்பதுதான் அன்றைய வேலை. மழை குறைவாக இருந்தாலும், நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். 23 பேரும் ஒரே மண்ணுக்குள் போனால் அப்புறம் எங்களைத் தேட யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, நான் கிடந்த இடத்திலிருந்து ஒரு பேச்சு. நீங்கள் வழிதவறினால் நடந்துகொண்டே இருக்காதீர்கள். நகரும் ஆளைத் தேடுவது மிகக் கஷ்டம். பாதையோரமாகவோ வெட்டவெளிக்குப் பக்கத்திலோ, ஓடைச் சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அடியில் சருகோ பையோ எதையாவது போட்டு உட்காருங்கள். நிறமுள்ள துணி ஏதாவது இருந்தால் உயரத்தில் கட்டுங்கள், என் நீலச் சேலையைப் போல கீழே கிடந்தால் பயனில்லை. விசில் ஒன்றுக்குப் பெரிய விலையில்லை, ஆனால் தொண்டை போன பிறகும் அது பேசும். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் நிற்கும் இடத்தை அது காட்டும். அந்த இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்ப முயன்றுவிட்டு, சார்ஜைக் காப்பாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், விறகுக்கோ மீனுக்கோ கீரைக்கோ எந்த மலைக்குப் போகிறீர்கள் என்று லயத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்தது இரவுப் பயிற்சி, தை மாதம். குளிர் அதிகம், ஆனால் டோர்ச் வெளிச்சத்தில் தடம் நன்றாகத் தெரியும் என்கிறார் மாத்தையா. வெளிச்சத்தைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தால் மிதித்த புல்லின் நிழல் விழுமாம். விறகு அக்கா இப்போது ஒரு பிரிவுக்குத் தலைவி. காணாமல் போவதற்கு அந்தக் கணுக்கால் தம்பிதான் தானாகவே முன்வந்திருக்கிறான். என் கம்பளியையும் கழுத்து விசிலையும் அவனிடம் கொடுத்துவிட்டேன். அடியில் போட்டுக்கொள்ள இரண்டு உரச்சாக்கும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.